கண்ணாடிக்கு உள்ளே வந்த வெயில்

வைட்ஃபீல்டின் தூசிக்கும் புறாக்களுக்கும் பயந்துதான் ஸ்ரீஹர்ஷா பால்கனியை முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்தான். அடைத்த பிறகு வீட்டிலேயே நல்ல இடம் அதுதான் என்றாகிவிட்டது. கர்ப்பமான நாளிலிருந்து அவன் மனைவி நிருபமா காலையில் லேப்டாப்போடு அங்கேதான் உட்கார்ந்தாள். எதிர் டவரில், இதேபோன்ற கண்ணாடிக்குப் பின்னால், அவளைவிடச் சில மாதம் பின்னால் உண்டாகியிருந்த அம்ருதா உட்காருவாள். நிருபமாவைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. இருவரும் கையசைத்துக்கொள்வார்கள்.

வாரம் ஒரு முறை பாலில் கலக்கிக் குடிக்கும்படி டாக்டர் வைட்டமின் டி பொடி எழுதிக் கொடுத்திருந்தார். குடித்த இரண்டு தடவையும் வாந்தி.

“தினம் இவ்வளவு வெயில்ல காயறேன். எனக்கு எதுக்கு இந்தப் பொடி?” என்றாள்.

“அப்பளம்கூட இவ்வளவு காயாது,” என்றான் ஸ்ரீஹர்ஷா. “விடு. இரும்பு மாத்திரையை நிறுத்தாதே, போதும்.”

பொடி சமையலறை இழுப்பறைக்குள் போயிற்று. அடுத்த முறை டாக்டர் கேட்டபோது, “எல்லாம் சாப்பிடறேன்” என்று சொல்லிவிட்டாள். சின்னப் பொய்தான்.

வெயில் என்பது பல கதிர்களின் கலவை. வெளிச்சம் தருவது ஒன்று, சூடு தருவது ஒன்று, தோலுக்குள் புகுந்து வைட்டமின் டி உண்டாக்குவது இன்னொன்று. முதல் இரண்டையும் கண்ணாடி தாராளமாக உள்ளே விடும். மூன்றாவதை ஏறக்குறைய முழுவதும் வாசலிலேயே நிறுத்திவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, உடம்புக்கும் கதகதப்பு குறையாது. மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்தும் ஒருத்தி வெயில் படாதவளாகவே இருக்க முடியும்.

வயிற்றில் இருந்தவரை குழந்தை அதை உணரவில்லை. நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்திலிருந்து கால்சியத்தை இடைவிடாமல் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த இறைப்பு நின்றது. இனி குடிக்கிற பாலிலிருந்து குழந்தை தானாகக் கால்சியத்தை எடுத்தாக வேண்டும். அதற்கு டி வேண்டும். அந்த டியைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு பிறந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தை வாங்கி வந்தது மிகக் கொஞ்சம்.

பெண் குழந்தை, நல்ல எடை. வீட்டுக்கு வந்து சில நாட்கள் கழித்து, இளவெயிலில் காட்டலாம் என்று நிருபமா அவளை மடியில் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரில் அம்ருதா கையசைத்தாள்.

குழந்தையின் இடது குதிகால் துடித்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் முத்தம்மா சொல்லியிருந்தார்: “புதுசா பொறந்தது ஒதறும்மா. மெல்லப் புடிச்சுப் பாருங்க. நின்னா பயமில்ல. நிக்கலன்னா ஒடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

நிருபமா பாதத்தை உள்ளங்கையில் பொதிந்து பிடித்தாள். கைக்குள் அது ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கையும் சேர்ந்துகொண்டது. கண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி அங்கேயே நின்றன.

“ஹர்ஷா,” என்றாள், குரலை உயர்த்தாமல். “பிடிச்சும் நிக்கலை.”

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் அதலபாதாளத்தில் இருந்தது. நரம்புகளை அடக்கி வைப்பது கால்சியம்தான். அது இறங்கினால் அவை யாரும் சொல்லாமலே துள்ளும். கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் தடுமாறும் என்பதால் குழந்தைகள் டாக்டர் சீனிவாசராகவன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டி பொடி சாப்பிட்டேளாம்மா?”

“இல்ல டாக்டர். ஆனா தினமும் வெயில்ல உக்காந்தேன்.”

“எங்கே?”

“பால்கனில.”

“திறந்த பால்கனியா?”

ஸ்ரீஹர்ஷா தரையைப் பார்த்தான். “கண்ணாடி போட்டிருக்கு. நான்தான் போட்டேன்.”

அவர் திட்டவில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் விரலால் இலேசாக அழுத்தினார். மண்டை எலும்பு பிளாஸ்டிக் பந்துபோல் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

“எலும்பும் பட்டினி கிடந்திருக்கு. இது நாளாவட்டத்துல சரியாயிடும். ஃபிட்ஸ் திரும்ப வரக்கூடாது. வராதுன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நிருபமாவின் போன் அதிர்ந்தது. அம்ருதா.

“எங்கேடி காணோம்? நம்ம வெயில் இன்னிக்கு சூப்பரா இருக்கு.”

“அம்ருதா, நீ அந்தப் பொடி சாப்பிடறியா?”

“நீதானே வெயிலே போதும், பொடி வேண்டாம்னே? நிறுத்தி எவ்வளவோ மாசமாச்சு. ஸ்வல்ப இரு, வெயில் நகர்ந்துடுத்து.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“நாற்காலியை விடு,” என்றாள் நிருபமா. “நான் சொல்றதைக் கேளு.”

அவளுடைய மறு கை குழந்தையின் குதிகாலைப் பிடித்திருந்தது. அது அசையவில்லை. அவள் கையை எடுக்கவில்லை.