இன்னும் ஒரு கால் சுற்று

மெக்கானிக்கின் மனைவி தரையிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் கழன்றுகொண்டிருந்தாள். பெட்ரோல் விலை இரண்டாம் முறை ஏறிய மாதத்தில் இது தொடங்கியது. அடுப்பின் முன் நின்று வேலை செய்கையில் அவளை அறியாமல் ஒரு நாளைக்கு ஒரு முழுச் சுற்று இடப்பக்கமாகத் திரும்பிவிடுவாள். காலையில் அடுப்பைப் பார்த்து நின்றவள் பத்து மணிக்கு ஜன்னலையும் மதியம் கதவையும் பார்த்து நிற்பாள். சாயங்காலம் மறுபடி அடுப்பைப் பார்த்து வந்து சேரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்திருப்பாள். துடைத்த தரையின் ஈரத்தில் அவள் கால்தடம் விழவில்லை என்பதை முதலில் கவனித்தவர் கணவர்தான். வால்வு இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகளைப் பட்டறையிலிருந்து எடுத்துவந்து அவள் குதிகாலுக்குக் கீழே ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். பத்து நாள் அளந்தார், பத்து நாளும் ஒரே கணக்கு. சுற்றுக்கு ஒன்றரை என்றால் அது பன்னிரண்டு எம்.எம். ஸ்டட்டின், அதாவது இன்ஜினில் முறுக்கி இறக்குகிற திருகுத் தண்டின், மரை, சிலிண்டர் ஹெட்டைப் பிடித்துக்கொள்கிற ரகம். ஏனோ அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தெரிந்த மரைதானே.

ஊரில் அவருக்குக் கால்சுத்து என்று பெயர். எந்த நட்டாக இருந்தாலும், அது இறுகி நின்ற பிறகு, மனசுக்காக இன்னும் ஒரு கால் சுற்று கொடுப்பார். இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், அலுமினியம் பொறுக்காது. உடைந்த ஸ்டட்டை எடுப்பதிலும் போன மரையை மீட்பதிலும் அவரை அடிக்க ஆளில்லை என்பது உண்மை. ஸ்டட் உள்ளே முறிந்துவிட்டால் அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, சூட்டோடு மெழுகை உருக விட்டு, குழந்தையின் காதில் தோடு கழற்றுவதுபோல வெளியே எடுப்பார். மரை போயிருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே ஒரு கம்பிச் சுருளை இறக்குவார். பழைய மரையைவிட அது பலம். மரை கழண்டவர்களெல்லாம் கால்சுத்துவிடம் போங்கள் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஆனால் அவரிடம் வந்த மரைகளில் பாதி, போன தடவை அவரே இறுக்கி அனுப்பியவை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

வீட்டிலும் அதே கைதான். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அவர் மூடிய ஜாடியை அவரேதான் திறக்க வேண்டும். மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போனால் பஸ் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன், போய்ச் சேர்ந்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொரு போன். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பாள், நிஜமாகவா என்பார். இதில் எதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. அவள் மேல் அவருக்கு உயிர். உயிராக இருப்பது எதுவும் கழன்று விழுந்துவிடும் என்ற பயம் கூடவே இருந்தது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் ஒரு சாண் உயர்ந்துவிட்டாள். செருப்பு தேயாததால் செருப்புக்கடைக்காரருக்கு மட்டும் வருத்தம். காரைச் சர்வீசுக்கு விட வந்த பல் டாக்டர், ஈறு தளர்ந்தால் பல்லும் இப்படித்தான் மேலே கிளம்பும் என்று சொல்லி, கொப்பளிக்க உப்புத் தண்ணீரைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார். அவளுக்கு அந்த உயரம் பிடித்திருந்தது. முக்காலி போடாமல் மேல்தட்டு எட்டியது. ஜன்னலில் நின்றால் மதில் சுவருக்கு மேலாகத் தெருவும் தெருக்கோடியில் பஸ் நிற்கிற இடமும் தெரிந்தன. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலில் அவள் பார்த்தது மதில் சுவரைத்தான். அங்கே அவள் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது, அவர் அந்த ஜன்னலின் கொக்கியைத் தினமும் இழுத்துப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அடுப்பின் முன் நிற்கவைத்து, இரண்டு தோளையும் பிடித்து, வலப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். அவள் மறுக்கவில்லை. தலை சுற்றும்போதெல்லாம் நிறுத்தி இருவரும் டீ குடித்தார்கள். நூற்றைம்பதாவது சுற்றில் பாதம் தரையைத் தொட்டது. சிமென்டின் குளிர்ச்சி பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. போதுங்க என்றாள். அவர் காதுக்கு அது கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தார்.

மரை போவதற்குச் சத்தம் கிடையாது. இறுகிக்கொண்டே வந்தது சட்டென்று வெண்ணெயாகிவிடும். எத்தனையோ இன்ஜினில் அவர் அறிந்திருந்த அந்த வழுக்கல் இப்போது உள்ளங்கையில் வந்து நின்றது. கையை எடுத்தார். அவள் சுற்றாமல், எதிலும் தட்டாமல், நேராக மேலே போனாள்.

மறுநாள் காலைக்குள் கூரையில் வெளிச்சம் வர விட்டிருந்த திறப்பின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் கம்பிக்கதவை, வெளியேயிருந்து திருடன் வரக்கூடாதென்று, நான்கு ஸ்டட் போட்டு மாட்டியவர் அவர்தான். கம்பிக்கதவு இல்லாவிட்டால் ஒரு ஆள் தாராளமாக நுழையலாம், அதற்கு அப்பால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, வெறும் ஆகாயம். அவர் வீட்டின் எல்லாக் கதவையும் சாத்தித் தாழ் போட்டார். ஒட்டடைக் கம்பின் நுனியில் தூக்குவாளியை மாட்டிச் சாப்பாடு கொடுத்தார். அவள் சாப்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று மின்விசிறியைத் துடைத்தாள்.

செய்தி கேட்டு மச்சினி வந்தாள். தையல்காரி, வாயிலும் கத்தரி வைத்திருப்பவள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களையெல்லாம் திறந்தாள்.

“என்ன மாமா, அக்காவையும் சிலிண்டர் ஹெட்டுன்னு நினைச்சுட்டீங்களா?” என்றாள்.

அவர் மேலே மனைவியைப் பார்த்து, இறங்கி வர மாட்டாயா என்று கேட்டார். அழக்கூடாது என்று இருந்தவர் பாதியிலேயே அழுதுவிட்டார். அவளுக்கும் கண் கலங்கியது, ஆனால் குரல் தெளிவாகவே இருந்தது.

“போதும்னு நான் சொன்ன இடத்துல நீங்க ஒரு தடவைகூட நின்னதில்லைங்க. இங்க வந்தப்புறம்தான் மூச்சு விடவே இடம் இருக்கு. வருவேனான்னு எனக்கே தெரியல. முதல்ல இந்தக் கம்பிக்கதவைக் கழட்டுங்க.”

ஏணி போட்டு ஏறினார். நான்கில் இரண்டு ஸ்டட் ஸ்பேனர் பட்டதுமே முறிந்தன. அத்தனை இறுக்கம், அத்தனை துரு. முறிந்துவிட்டது, முடியவில்லை என்று சொல்லி இறங்கியிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வரவும் செய்தது. பிறகு பட்டறைக்குப் போய் வெல்டிங் பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் கொண்டுவந்தார். முறிந்த தலையில் நட்டை ஒட்டவைத்து, சூடு தணியும் பக்குவத்தில் மெழுகைத் தொட்டுக்காட்டினார். மெழுகு மரையின் வழியே உள்ளே இறங்கியது. இரண்டும் அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருக்க, முனகாமல் வெளியே வந்தன. இத்தனை மனசில்லாமல் ஒரு வேலையை இத்தனை சுத்தமாக அவர் செய்ததே இல்லை. கம்பிக்கதவைத் தோளில் சுமந்து இறங்கினார். வீட்டுக் காற்று அந்த வழியே வெளியேறியது. அவள் தலைமுடி அந்தப் பக்கமாகப் பறந்தது.

அதன் பிறகு அடுப்பின் முன் மண்டியிட்டார். அவள் நின்று நின்று சிமென்டில் இரண்டு பாதக் குழி விழுந்திருந்தது, இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தால் துளை தட்டுப்பட்டது. ஒரு மனுஷிக்குத் துளை எங்கே, ஸ்டட் எங்கே என்று கேட்பவர்கள் அவரைக் கேட்டுக்கொள்ளலாம், அவர் விரலுக்குத் தெரிந்தது. மேல் எட்டு மரையும் மழுங்கிப்போயிருந்தன. டிரில்லின் நுனியில் தூள் ஒட்டிக்கொள்ளக் கிரீஸ் தடவித் துளையைப் பெரிதாக்கினார். மரை வெட்டும் டேப்பை நேராக நிறுத்தி, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், மறுபடி அரைச் சுற்று முன்னால் என்று இறக்கினார். பின்னால் திருப்பிக் கொடுக்காவிட்டால் வெட்டிய துகள் அடைத்து டேப்பே முறிந்துவிடும், தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்வது அது.

“அங்க மட்டும் திருப்பிக் குடுக்கத் தெரியுதே,” என்று மேலேயிருந்து கேட்டது.

அவர் டேப்பை இன்னும் ஒரு கால் சுற்று பின்னால் திருப்பினார்.

அந்த அளவுக்குக் கடையில் சுருள் இல்லை. கொல்லையில் அவள் துணி காயப்போடும் துருப்பிடிக்காத கம்பியை அவிழ்த்துவந்து ஓர் இரும்புக் கம்பி மேல் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்கினார். அதைத் துளைக்குள் இறக்கி, பிடித்துத் திருப்புவதற்காக அடியில் மடக்கிவிட்டிருந்த குறுக்கு நாக்கை ஒரு தட்டில் உடைத்து, மூக்குக் குறட்டால் எடுத்தார். துளையை ஊதினார், துடைத்தார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பிறகு எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மேலே வழி திறந்திருந்தது, கீழேயும் திறந்திருந்தது.

அவள் வெளிச்சச் சட்டத்தின் வழியே தலையை நீட்டி ரொம்ப நேரம் பார்த்தாள். தோள் வரை வெளியே போனாள், இடுப்பு வரை போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மறுபடி பார்த்தபோது அவள் ஏணியின் படிகளைப் பிடித்துத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டிருந்தாள், கிணற்றில் முங்குகிறவள்போல. துளைக்கு மேலே வந்ததும் ஏணியை விட்டுவிட்டு வலப்பக்கமாகத் திரும்பினாள். முதல் சுற்றில் மரை பிடித்தது. அது பிடித்த விதம் அவருக்குச் சுவரோரம் வரை தெரிந்தது. சுற்றிச் சுற்றி இறங்கி, தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றாள்.

“போதும்,” என்றாள்.

இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. தொடைக்கு அடியில் அவர் வலது கை துடித்தது. அவர் அதன் மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்தார். துடிப்பு அடங்க அன்று முழுவதும் ஆயிற்று, மச்சினி போட்ட டீயை இடது கையால்தான் குடித்தார்.

இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. பல் டாக்டர் அந்தக் காரை விற்று வேறு கார் வாங்கிவிட்டார், இரண்டிலும் மரை போகவில்லை. பட்டறையில் இறுக்கத்தின் அளவு காட்டுகிற ரென்ச் கிளிக்கென்றதும் அவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார். கால்சுத்து என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, ஊர் வைத்த பெயருக்கு மரை கிடையாது. கம்பிக்கதவை யாரும் திரும்ப மாட்டவில்லை. அவள் இன்றும் தரைக்கு இரண்டு விரற்கடை மேலேதான் நடக்கிறாள், வீட்டுக்கு வருபவர்கள் அதை விசாரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. சில சாயங்காலம் அவளாகவே இடப்பக்கம் திரும்பி மேலே போய், மதிலுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துவிட்டு, வேண்டும்போது இறங்கி வருகிறாள். சில நாள் பத்துச் சுற்று, சில நாள் நூறு என்று மச்சினி சொல்கிறாள். அவர் எண்ணுவதில்லை.