பேச்சும் மின்சாரமும் ஒரே கம்பியில்

கைப்பேசி எல்லார் சட்டைப்பையிலும் குடியேறாத காலம் அது. சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தின் வரவேற்பு மேசைக்கு அக்காதான் அரசி. வாடிக்கையாளர்கள் உட்பட எல்லாருக்கும் அவள் அக்கா. உரிமையோடு அப்படி அழைக்க உலகில் ஒருவன்தான் இருந்தான்: கூடப்பிறந்த தம்பி. கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதலில் அவளைத்தான் அழைப்பான். அவனுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த எண் அந்த மேசையின் எண் ஒன்றே.

அப்போது மேசையில் இருந்தது சாம்பல் நிறக் குண்டன் ஒருவன். தெருவே இருண்டு கிடந்தாலும் அந்தப் பழைய தொலைபேசி கணீரென்று மணியடிக்கும். பேச்சைக் கொண்டுவந்த கம்பியே அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டுவந்தது. அந்த அருமை, அது இருந்தவரை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு கணினிக் கேபிளில் பேசும் புதிய தொலைபேசிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் அடாப்டர். மின்சாரம் போனால் எல்லாம் ஒருசேர வாயை மூடிக்கொள்ளும். ஒருநாள் மாலை, அப்பாவின் வீட்டை விற்பதா வேண்டாமா என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தொலைபேசியிலேயே வாய்ச்சண்டை. "உனக்கு என்னடா தெரியும்?" என்று அவள் கேட்ட நொடியில் மின்சாரம் போயிற்று. அவள் கோபத்தில் வைத்துவிட்டதாக அவன் எண்ணியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் அழைப்பே இல்லை. கப்பல் நிறுவனத்துக்கு அவள் போட்ட கடிதமும் கிணற்றில் போட்ட கல்லாயிற்று.

மழைக்காலம் முடியும் தறுவாயில் நெட்வொர்க் இன்ஜினியர் வந்து அடாப்டர்களை எல்லாம் பிடுங்கினார். கூடத்து மூலையிலிருந்த அலமாரிக்குள் ஒரு பெட்டியைப் பொருத்தி, தொலைபேசிக் கேபிள்களை அதில் செருகி, அதைப் பேட்டரியோடு இணைத்தார்.

"இனிமே கேபிளே கரண்டையும் கொண்டுவந்துடும்க்கா. தபால்காரரே சாப்பாட்டுக் கேரியரையும் தூக்கிட்டு வர்ற மாதிரி."

"எங்க குண்டன் அதைத்தானே சார் பண்ணிட்டிருந்தான்! ஊரெல்லாம் சுத்திட்டு அவன் வாசலுக்கே வந்து நிக்கறீங்க."

இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

அலுவலக மேலாளருக்குப் பட்டப்பெயர் 'சுவிட்ச் ஐயா'. மின்சாரம் போனதும் அறை அறையாகப் போய் எல்லாச் சுவிட்சையும் அணைப்பார். திரும்பி வரும் மின்சாரம் முரட்டுத்தனமாக வந்து எதையாவது சுட்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் மின்சாரம் போயிற்று. விசிறிகள் ஓய்ந்தன. அக்காவின் கண் தன்னையறியாமல் தொலைபேசிக்குப் போயிற்று. அதன் பச்சைத் திரை அணையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மணி அடித்தது.

"அக்கா... நான்தான்."

"எங்கடா இருக்க? சாப்பிட்டியா?"

"இன்னும் கோபமா இருப்பியோன்னு..."

"போடா மண்டு! என் பென்சிலை எல்லாம் கடிச்சுத் தின்னப்பவே வராத கோபம் இப்பவா வரும்?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டேய், அன்னிக்கு நான்..."

பச்சைத் திரை அணைந்தது.

அலமாரியருகே சுவிட்ச் ஐயா, பெட்டியின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். "கரண்டே இல்ல, இது பாட்டுக்கு உறுமிட்டு இருந்துச்சும்மா. அதான்..."

"ஐயா! போடுங்க அதை!"

அலுவலகம் அதுவரை கேட்டிராத குரல். பெட்டி மெல்ல விழித்தது. தொலைபேசி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. அக்கா ரிசீவர்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் வைத்துவிட்டாள் என்று நினைத்துத் தம்பி கப்பலுக்குத் திரும்பிவிட்டால்? சுவிட்ச் ஐயாவும் பெஞ்சுமேல் ஏற்றிய மாணவனைப்போல அசையாமல் நின்றார்.

மணி அடித்தது.

"சிரிச்சுக்கிட்டே யாராவது போனை வைப்பாங்களாக்கா?" என்றான் தம்பி. பிறகு குரல் இறங்கியது. "அப்ப... அன்னிக்கும் நீ வைக்கலையா?"

"கரண்டு போச்சுடா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "எனக்கு அறிவே இல்லக்கா."

"அது தெரிஞ்சதுதானே. வீட்டைப் பத்தி நேர்ல பேசிக்கலாம். எப்ப வர்ற, அதைச் சொல்லு."

சுவிட்ச் ஐயா அலமாரியைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அடுத்த அறை விசிறியின் சுவிட்சை அணைக்கப் போனார்.