பசாராவின் எல்லை

நாயைச் சுட்டுவிடு என்று அண்ணனிடம் சொல்லத்தான் அன்று மேலே ஏறினேன். சொல்ல வேண்டியதைக் குதிரைமேல் உட்கார்ந்தபடியே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முந்தைய வாரம் என் வீட்டில் தங்கியிருந்த போலந்துக்காரர் ஒருவர் அண்ணனின் மந்தைக்குக் குறுக்கே நடந்து போய், தொடையில் கடிபட்டு வந்தார். ஜீப்பில் ஏற்றி, கணவாய் தாண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்கப்புறம் எங்கள் மலைக்கிராமமான ஓமாலோவில் அறை வாடகைக்கு விடுகிற அத்தனை பேரும் என் வாசலில்தான் வந்து நின்றார்கள். அண்ணன் என்னுடையவன், அதனால் நாயும் என்னுடையது. "ஒங்க அண்ணன் ஆடு மேய்க்கிறானா, ஆள் புடிக்க நாய் வளக்குறானா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு நுனு. அவளைக் குறை சொல்ல முடியாது. கோடையில் மட்டும்தான் பாதை திறந்திருக்கும். அதற்குள் வருகிறவர்களை வைத்துத்தான் எங்களுக்கு மீதி வருஷம்.

அண்ணன் இமேதாவின் கல்குடிசை கண்ணில் பட்டதுமே குதிரை நின்றுவிட்டது. இறங்கி அதை இழுத்துப் பார்த்தேன். கடிவாளத்தை உருவிக்கொண்டு சரிவில் ஓடியது. திரும்பினால், குடிசை வாசலில் அவன் நாய் பசாரா எழுந்து நிற்கிறது. சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம், ஓநாய் கவ்வ இடம் கொடுக்கக் கூடாதென்று குட்டியிலேயே ஒட்ட வெட்டிய காதுகள். குரைத்துக்கொண்டு வரும் நாய்க்கு நான் பயப்படுவதில்லை. இது குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் நேராக நடந்து வந்தது.

"அண்ணே! நாயைக் கூப்புடு!"

குடிசைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரு, மக்வாலாவா? உக்காரு."

"எங்க உக்கார?"

"நிக்கிற எடத்துலயே. அது மூஞ்சியப் பாக்காத."

ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். நாயும் நின்றது. இன்னும் நாலடி வைத்திருந்தால் அதன் மூச்சு என் மேல் பட்டிருக்கும்.

"நீ வெளிய வாயேன்!"

"வர முடிஞ்சா வரமாட்டனா? கால் ஒடிஞ்சு கெடக்கேன்."

காலையில் பாறை உருண்டதில் விழுந்திருக்கிறான், தவழ்ந்தே குடிசைக்கு வந்திருக்கிறான். கூட மேய்க்கிற உச்சா, பாலாடைக்கட்டி மூட்டைகளோடு கீழே போயிருந்தான், மறுநாள்தான் வருவான். இதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இமேதா கத்திச் சொன்னான், நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"விடுன்னு அதுகிட்டச் சொல்லேன்!"

"காலைலேர்ந்து சொல்றேன், ஆட்டுக்கிட்டப் போன்னு. படுத்துக் கெடக்குறவன் பேச்ச அது மதிக்கல. நீ மட்டும் எப்ப மதிச்ச?" அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "எதுக்கு வந்த?" என்றான்.

"சும்மாதான்."

"சும்மா மலையேறுற ஆளா நீ? சரி, அந்தப் போலந்துக்காரன் எப்படி இருக்கான்?"

"தையல் போட்டுருக்கு."

"தடியத் தூக்குனானாம்ல."

"இம்மாம் பெரிய நாய் வந்தா பூவயா தூக்குவான்?"

உள்ளே சிரிப்பு கேட்டது, உடனே வலியில் ஒரு முனகல். நாய் அந்த முனகலுக்குத் தலையைத் திருப்பியது. பிறகு என்னிடம் வந்தது. தோள், கை, பாவாடை விளிம்பு எல்லாவற்றையும் மோந்து பார்த்தது. அண்ணனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அதற்கு எப்படியோ தெரிந்ததா, இல்லை நான் அலுப்பூட்டினேனா, தெரியாது. திரும்பிப் போய் வாசலில் படுத்துக்கொண்டது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். கணுக்காலுக்கு மேலே வீங்கிக் கறுத்திருந்தது. இரண்டு பலகை வைத்துக் கட்டிவிட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று: "ஆடு மேலயே இருக்கு. மூடுபனி எறங்குது."

உப்புப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாயைக் கூப்பிடவில்லை. சிறிது தூரம் ஏறியதும் மேலே எங்கோ ஆடுகள் கத்தின. பின்னால் சரளைக் கல் நெரிபட்டது. பசாரா என்னைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, மூடுபனியின் வெள்ளைக்குள் நுழைந்துவிட்டது.

மந்தையை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்ல முடியாது. நான் உப்பைக் காட்டிக் குரல் கொடுத்தபடி முன்னால் நடந்தேன். மேலே மந்தையோடு இருந்த மற்ற இரண்டு நாய்களும் பக்கவாட்டில் வந்தன. பின்னால் பசாரா இருக்கிறதென்பது ஆடுகள் வந்த வேகத்திலேயே தெரிந்தது. பாதித் தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு பையனும் பெண்ணும் முதுகில் மூட்டையோடு எதிரே வந்தார்கள். ஆட்டைப் பார்த்ததும் பெண் படமெடுக்கக் கையை உயர்த்தினாள். எங்கள் மூவருக்கும் முன்னால் பசாரா வந்துவிட்டது. பையன் ஊன்றுகோலைத் தூக்கினான்.

அதைப் பிடுங்கி எறிந்தேன். அவர்கள் பாஷை எனக்கு வராது. அந்தப் பெண்ணின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, நானும் சேற்றில் உட்கார்ந்தேன். பையனும் உட்கார்ந்தான். பசாரா எங்கள் முன்னால் நின்றது. எங்கள் இரு பக்கமும் ஆடுகள் போய்க்கொண்டே இருந்தன, ஈரக் கம்பளி எங்கள் கன்னங்களில் உரசியது. பெண் என் கையை நசுக்கிவிட்டாள். கடைசி நொண்டி ஆடும் தாண்டிய பிறகுதான் அது திரும்பி அதன் பின்னால் போனது. பையன் போனை நீட்டி வழி கேட்டான். திரையில் இருந்தது என் வீடு. கீழே கையைக் காட்டினேன். என் மருமகள் இருப்பாள், சாப்பாடு போடுவாள்.

பட்டியை அடைத்துவிட்டு உள்ளே போனதும் இமேதா கேட்டான்: "எல்லாம் வந்துதா?"

"வந்துது. ரெண்டு வெளியூர்க்காரங்களும் வந்தாங்க."

"கடிச்சுதா?"

"இல்ல. ஆனா கடிச்சிருக்கும்."

நான் அவர்களை உட்காரவைக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்தது. கீழே வந்து தங்குகிற அத்தனை பேரையும் நான் எப்படிப் போய் உட்காரவைப்பேன் என்ற நினைப்பும் வந்தது. இரண்டுமே உண்மைதான்.

காலையில் உச்சா மாவு மூட்டையோடு வந்தான். வழியில் நின்ற என் குதிரையையும் பிடித்து வந்திருந்தான். அதன்மேல் இமேதாவை ஏற்றினோம். மந்தைக்கு ஆள் வேண்டும். உச்சா அவனைக் கீழே கொண்டுபோய் விட்டுத் திரும்பும்வரை நான் இருப்பதென்று ஆனது.

"நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும்," என்றான் இமேதா, குதிரைமேலிருந்து. "துப்பாக்கி கட்டிலுக்கு அடியில இருக்கு. என் கையால ஆகாது. இப்ப மந்தை ஒன்னோடது. நீயே பாத்துக்க."

"போய்க் கால முதல்ல பாரு."

"சுட்டா, ஆடு பாக்குற எடத்துல சுடாத."

குதிரை இறங்கியது. நான் பட்டியைத் திறந்தேன். ஆடுகள் எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்கின. பசாரா குதிரையின் பின்னாலேயே ஓடைவரை போனது. இமேதா திரும்பிப் பார்க்காமல் அக்கரை ஏறினான். நாய் முழங்கால் தண்ணீரில் நின்றது. கீழே குதிரையைப் பார்த்தது, மேலே ஆடுகளைப் பார்த்தது, மறுபடி கீழே பார்த்தது. தண்ணீர் அதன் வயிற்று மயிரை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் கூப்பிடவில்லை.