பூஜ்ஜியம் ஜூல்

ஞானசௌந்தரி செத்துப்போனதை வேலை அளவீட்டு அலுவலகம் ஏற்கவில்லை. வேலை செய்து களைத்தவர்கள்தான் அந்த ஊரில் சாகலாம். அவள் ஒரு ஜூல் வேலைகூடச் செய்ததாகக் கணக்கில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி முடித்த பிறகுதான் இதை அவள் தம்பி வியாகுலத்திடம் சொன்னார்கள்.

அவள் நின்றபடியே செத்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வீட்டின் மேற்குச் சுவரில் பதிந்திருந்தன.

வியாகுலம் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அவன் அதன் அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அக்காள் ஓடிவந்து கைகொடுத்துத் தாங்கினாள். பிறகு கையை எடுக்கவே இல்லை. பெண்பார்க்க வந்தவர்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் பக்கத்தில் நின்று சோறு ஊட்டுவான். அதனால் அவள் முகத்தில் ஒரு பாதிதான் அவனுக்குப் பழக்கம்.

அலுவலகத்திலிருந்து அளவர் தில்லைநாயகம் வீட்டுக்கு வந்தார். விசை அளக்கும் சுருள்வில் தராசின் கொக்கியை அவள் முழங்கையில் மாட்டிப் பார்த்தார்.

“ஐந்நூறு நியூட்டன். நல்ல விசை. செத்தும் குறையல.”

“அப்போ வேலை உண்டுல்லா சார்?”

“விசை மட்டும் பத்தாது. எவ்வளவு தூரம் நகந்துச்சோ, அதால பெருக்கணும். சுவரு நகந்துச்சா?”

“நகந்துரக் கூடாதுன்னுதான சார் புடிச்சிக்கிட்டு நின்னா.”

“அப்போ தூரம் பூஜ்ஜியம். ஐந்நூறைப் பூஜ்ஜியத்தால பெருக்குனா?”

அளவர் பதிலுக்குக் காத்து நின்றார். அவர் போவதாக இல்லை.

“பூஜ்ஜியம்,” என்றான் வியாகுலம் கடைசியில்.

“பாத்தியளா. நீங்களே சொல்லிட்டிய.”

“வேர்த்து ஊத்தும் சார் அவளுக்கு. தோளு நடுங்கும். தூக்கத்துல முனகுவா.”

“இருக்கும். அது வேலை இல்ல.”

வியாகுலம் அந்தச் சுவருக்குக் கீழேதான் படித்தான், வளர்ந்தான், குறட்டை விட்டுத் தூங்கினான். அளவர் அவன் முகத்தைப் பார்த்து இரங்கினார்.

“இப்ப நகந்தாலும் கணக்குல எடுத்துக்கிடுவோம். நீங்க மட்டும் கை வைக்கக் கூடாது.”

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். மத்தியானம் சுவர் நகர்ந்தது.

“நகந்துட்டு சார்!”

“எந்தப் பக்கம்?”

வியாகுலம் தரையைப் பார்த்தான். அக்காளின் குதிகால்கள் சிமெண்டைக் கீறிக்கொண்டு பின்னால் வந்திருந்தன.

“நம்ம பக்கம்.”

அளவர் டேப்பை இழுத்து அளந்தார். “அரை மீட்டர். ஐந்நூறுல பாதி இருநூத்தம்பது. ஆனா அவங்க தள்ளுன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகந்திருக்கு. அதனால மைனஸ். வேலை செஞ்சது அவங்க இல்ல, சுவரு.”

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொடுத்தார். “பாவம். ரொம்பக் களைச்சிருக்கும்.”

சுவரை அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். மாதா கோவில் மணி அடித்தது. கல் கல்லாகப் பெயர்த்து, அக்காளுக்கு வெட்டிய குழியில் இறக்கினார்கள். குழி சரியாக இருந்தது. வீட்டுக்காரன் என்பதால் வியாகுலம்தான் முதல் பிடி மண் போட வேண்டியிருந்தது. யாரோ ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்ல சுவரு தம்பி. ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் பண்ணல.”

ஜெபம் முடியும் முன்பே அவன் கிளம்பிவிட்டான்.

வீட்டின் மேற்குப் பக்கம் திறந்து கிடந்தது. வெயில் உள்ளே விழுந்தது. சுவர் இருந்த இடத்தில் நின்று அவன் அக்காளை நேருக்கு நேர் பார்த்தான். முழு முகம். மறுபாதியில் ஒரு மச்சம் இருந்தது. அப்படி ஒரு மச்சம் இருப்பது இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரியாது.

நீட்டிய கைகளை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. அந்தக் கைகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி, தன் முதுகை அவற்றில் சாய்த்துக்கொண்டான்.

உள்ளங்கைகள் தள்ளின.

அவன் ஓர் அடி முன்னால் நகர்ந்தான். காலைத் தூக்கி வைக்கவில்லை. நகர்ந்தான்.

“சார்!” என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். “நகருதேன் சார்! வந்து அளங்க!”

தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். கைகள் மறுபடி தள்ளின. இந்த முறை பின்னால் அவள் காலடிச் சத்தமும் கேட்டது.

“யக்கா, கொஞ்சம் பொறு. அளக்கறவரு வந்துரட்டும்.”

அவள் பொறுக்கவில்லை.