நாற்பதாவது நிமிடத்தில் இறங்கும் சுருதி

டெலிபோன் இலாகாவின் புகார்ப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். "உங்க புகார் பதிவாயிடுத்து, கவனிக்கறோம்" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே ஆசாமி அடுத்த வாரம் கூப்பிட்டால், "பார்த்தாச்சு, லைன் சரியாத்தான் இருக்கு" என்பேன். யாரும் பார்த்திருக்க மாட்டோம். அப்பேர்ப்பட்ட நான், ரிடையரான மறு வருஷம், தொண்ணூற்றாறில், ஒரு புகாரைத் தூக்கிக்கொண்டு தி. நகர்க் கடை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

என் மனைவி ஜெயலக்ஷ்மி மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் பதினான்கு பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். பழைய சுருதிப் பெட்டியின் துருத்தியை அமுக்கி அமுக்கி அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அதனால் அந்த நவராத்திரிக்கு முன்னால் கரண்டில் ஓடும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் போதும், நிறுத்தும் வரை அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் வாரண்டி. சரஸ்வதி பூஜையன்று தம்பூராவோடு அதையும் மணையில் வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் இட்டேன். நான்தான் இட்டேன். கொஞ்சம் தாராளமாகவே இட்டேன்.

பத்து நாளில் ஜெயலக்ஷ்மி சொன்னாள், நாற்பது நிமிஷம் ஓடினால் சுருதி ஒரு நூல் இறங்குகிறது என்று. நானும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் எப்படி ஒலித்ததோ அப்படியேதான் ஒலித்தது. "பார்த்தாச்சு, சரியாத்தான் இருக்கு" என்றேன். பழக்க தோஷம்.

ஆனால் வகுப்பு ஒரு மணி நேரம். கடைசி இருபது நிமிஷம் பெண்கள் பெட்டியோடு சேர்ந்து இறங்கிப் பாடுவார்கள். இவள் இறங்கமாட்டாள். "மேல, மேல" என்று தொடையில் தட்டுவாள். குழந்தைகள் பெட்டியையும் இவளையும் மாறி மாறிப் பார்த்து முழிக்கும். ஒரு நாள் அனன்யா என்ற பெண்ணை அவள் அம்மா வந்து வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மாமிக்கு வயசாயிடுத்து, சுருதியே சேரலை" என்று அவள் சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

அன்றைக்கு ஜெயலக்ஷ்மி சாப்பிடவில்லை.

"பொட்டி சரின்னா என் காது தப்புன்னுதானே அர்த்தம்? காது போனப்புறம் நான் எதை வெச்சுண்டு சொல்லிக்குடுக்கறது?"

இந்த இடத்தில் ஒரு நல்ல புருஷன் என்ன செய்திருப்பானோ தெரியாது. நான் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வயசுக்கு ஏற்ற காதுதான் என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் சுருதிப் பெட்டி மட்டும்தான் என்னோடு பேசியது.

மூன்றாம் நாள் பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனேன். முதலாளி சுப்பராயலு பொத்தானை அழுத்தினார், இரண்டு நிமிஷம் தலையை ஆட்டினார், "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். நாற்பது நிமிஷம் ஆக வேண்டும் என்றேன். கடையில் கூட்டம் என்றார். மறு வாரமும் அதே இரண்டு நிமிஷம், அதே தலையாட்டல். முப்பது வருஷம் நான் சொன்ன வாக்கியம் எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் கொதித்தது. மூன்றாம் முறை அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். விளிம்பில் காய்ந்த சந்தனம். சந்தனத்துத் தண்ணீர் உள்ளே போய்விட்டது, இனிமேல் வாரண்டி கிடையாது என்றார். பில்லின் அடியில், விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருந்ததையும் விரலால் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து நுகர்வோர் மன்றத்துக்கு எழுதினேன். வெள்ளைக் காகிதமும் பில்லின் நகலும் போதும், வக்கீல் வேண்டியதில்லை. கடை தரப்பிலிருந்து பதில் வந்தது. சந்தன விவகாரத்தை விஸ்தாரமாக எழுதிவிட்டு, கடைசியில், பழுது பெட்டியில் இல்லை, மனுதாரரின் மனைவிக்கு முதுமையால் வந்த செவிக்குறை என்று முடித்திருந்தார்கள். ஜெயலக்ஷ்மிக்கு வயது ஐம்பத்திரண்டு. அதை இரண்டு தடவை படித்தாள், நான்காக மடித்தாள், நானே வருகிறேன் என்றாள்.

பிப்ரவரியில் விசாரணை. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. சுப்பராயலு தன் மெக்கானிக் மெஹபூப் பாஷாவையும், சுருதியை எண்ணில் காட்டும் மீட்டர் ஒன்றையும் கூட்டி வந்திருந்தார். பில் வாசகத்தை அவர் வாசித்ததுமே தலைவர், அச்சடிப்பது உங்கள் இஷ்டம், பழுதான பொருளுக்கு அது செல்லாது என்றார். உடனே சுப்பராயலு சந்தனத்துக்கு வந்தார். சந்தனம் பட்ட மெஷின் உருப்படாது என்று அவர் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் அதை அடித்துக்கொண்டே போனார்.

"சார், அவர் அடிக்கறாரே, அந்த மிஷினைக் கொஞ்சம் பாருங்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டைப்ரைட்டரின் நெற்றியில் நான்கு வருஷத்து ஆயுத பூஜைச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. ஒழுங்காக அடிக்கிறதா என்று தலைவர் விசாரித்தார். அடிக்கிறது என்றார் டைப்பிஸ்ட். சுப்பராயலு முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, சுருதி இறங்குவது சாருக்காவது கேட்கிறதா என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஜெயலக்ஷ்மி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கலை சார். ஆனா முப்பத்தோரு வருஷத்துல இவ தப்புன்னு சொன்னது ஒண்ணுகூட சரியா இருந்ததில்லை. என்னையும் சேர்த்து."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதை எப்படித்தான் தீர்மானிப்பது என்று கேட்டார். ஜெயலக்ஷ்மி வழி சொன்னாள். மீட்டரை அவள் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைக்கட்டும், பெட்டியைப் போட்டுவிட்டு வேறு வழக்கைப் பார்க்கட்டும், இறங்கும்போது அவள் கையைத் தூக்குவாள். அப்படியே செய்தார்கள். அடுத்தது ஒரு ஃபிரிட்ஜ் வழக்கு. கத்திக்கொண்டே வந்த இரண்டு தரப்பும் சுருதியைக் கேட்டதும் குரலைத் தணித்து, கச்சேரிக்கு வந்தவர்கள் போல் பவ்யமாக வாதாடினார்கள்.

நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் கை தவறி எழுந்தால் வகுப்பு போகும், அதைவிட இவளே ஒடிந்துபோய்விடுவாள். முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முப்பத்தெட்டு. கண்ணை மூடியிருந்த ஜெயலக்ஷ்மி மெள்ளக் கையைத் தூக்கினாள்.

தலைவர் மீட்டரை எட்டிப் பார்த்தார். எண் அப்படியே இருந்தது. சுப்பராயலு பெரிதாகச் சிரித்தார். ஜெயலக்ஷ்மி கையை இறக்கவில்லை.

அரை நிமிஷம் கழித்து, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த மெஹபூப் பாஷா தொண்டையைச் செருமினார்.

"எறங்கிச்சு சார். அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க, மீட்டருதான் லேட்டு." முதலாளி முறைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. "உள்ள ஒரு சாமான் சூடாவுது சார், அதான். சந்தனம் மேல தான் கீது, உள்ள ஒண்ணும் போவல."

புதுப் பெட்டி தர வேண்டும், செவிக்குறை என்று எழுதியதை வாபஸ் வாங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கொடுத்த பணம் வீணாகவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். ஜெயலக்ஷ்மி அந்த இரண்டாவது வரியை டைப் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. லஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்னைப் போய் டாக்டர்கிட்ட கூட்டிண்டு போனேனே. என் தப்புதான்" என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு சந்தாதாரரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

ஜெயலக்ஷ்மி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதிவாயிடுத்து. கவனிக்கறேன்."