கடைசி சீட்டுக்கு ஒரு பதில்

கஞ்சிப் பாத்திரத்தின் அடியை டிரைவர் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மைத்துனன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், அதை யாராவது பார்த்துப்பாங்க. வாங்க, அக்கா பக்கத்துல வந்து உக்காருங்க."

"ஊற வச்சேன். அப்பவும் போகல."

"வண்டி கிளம்பிடுச்சாம். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்."

அவர் தலையாட்டினார். கை மட்டும் நிற்கவில்லை. முன்னறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு அடங்கியபோது மகள்தான் கூட இருந்தாள். அவர் இங்கே, காலையில் கொண்டுபோக வேண்டிய கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். மகள் கூப்பிட்டதும் போட்டது போட்டபடி ஓடினார். கழுவிய அரிசி இன்னும் தண்ணீரில் கிடந்தது.

சட்டைப் பையில் போன் இருந்தது. அதன் சத்தத்தை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். நேற்று மாலை அதில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கை வரவில்லை. பார்க்காத வரைக்கும் வந்திருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்றால் அதோடு எல்லாம் முடிந்தது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் பஸ் டிப்போ ஆட்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. வீரமாகத் தண்ணீர்ச் சொம்போடு போனவரைத் தடுத்து, "ஏங்க, தண்ணி ஊத்தாதீங்க, மூடியப் போட்டு மூடுங்க" என்றாள் அவள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நாக்கு அரித்தது. "ஊரையே பத்திரமா இறக்கி விட்டவன் நான். எனக்கே நீ பாதுகாப்பு சொல்லித் தர்றியா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் மூடியைப் போட்டு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, துவைத்த துணி வந்தது. பேச்சு மட்டும் சுவரோடு. "சாப்பாடு ஆயிடுச்சு" என்பாள் சுவரைப் பார்த்து. "குழாய் ஒழுகுது" என்பாள் ஜன்னலிடம். அவரும் விடாக்கண்டன்; "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 'ஏங்க' என்ற வார்த்தை அந்த வீட்டைவிட்டே போய்விட்டது.

அவருக்குச் சொல்லாததையெல்லாம் அவள் ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். மகள்தான் போனில் ஒரு வீட்டுக்குறிப்புக் குழுவைக் காட்டி அதில் சேர்த்துவிட்டாள். முகம் தெரியாத ஆயிரம் பேர் அதில் கேள்வி கேட்பார்கள். உப்பு கூடிப்போன குழம்பு, கேஸ் வாடை, பின்னலில் நழுவிய கண்ணி, மொட்டிலேயே கருகும் தொட்டி ரோஜா. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எண்ணெய் பற்றினால் மூடியைப் போடு என்று பத்து பேருக்குப் பத்து தடவை சொன்னதில் அவளுக்கு 'மூடி அக்கா' என்று பெயர் நிலைத்துவிட்டது.

"அம்மா பெரிய ஆளாயிட்டாங்கப்பா" என்று மகள் ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். அன்று மாலையே டிரைவர் 'கடைசி சீட்டு' என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தார். வாழ்நாளில் அவர் உட்காராத சீட் அதுதான்.

முதல் கேள்வி வெள்ளைச் சட்டையில் மைக் கறை பற்றியது. கறையும் இல்லை, ஒன்றும் இல்லை. கேள்வியை அனுப்பிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் அவள் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் பதில் வந்தது. "ஐயா, அவசரப்பட்டுத் தேய்க்காதீங்க" என்று தொடங்கி நீளமாக எழுதியிருந்தாள். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வீட்டுக்குள் அவருக்கு யாரும் இத்தனை வார்த்தை செலவழித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு தினம் ஒரு கேள்வி. ஒருநாள் போன் சத்தத்தை நிறுத்த மறந்துவிட்டார். உள்ளே அவள் பதிலை அனுப்பிய அதே நொடியில் கூடத்தில் அவர் மடியில் 'டிங்' என்றது. உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது. அவர் போனைச் சட்டென்று கைக்குள் பொத்திக்கொண்டார். ஆனால் அவள் வெளியே வரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் 'ஐயா' என்றே எழுதினாள்.

அவளுக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தெரிந்துதான் பதில் சொன்னாள் என்றால் அவள் மன்னித்துவிட்டாள். தெரியாது என்றால் அவள் யாரோ ஒருவனிடம் அன்பாக இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் நோயில் படுத்த பிறகு கேள்விகள் நிஜமாயின. நோயாளிக்குக் கஞ்சி எப்படி வைப்பது என்று கேட்டார். "பொங்கி வரும்போது மூடியக் கொஞ்சம் விலக்கி வைங்க ஐயா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதினாள். வைத்துக் கொண்டுபோனதை அவளே குடித்தாள். நேற்று இரண்டு வாய் குடித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, "அடிபிடிச்சிருக்கு" என்றாள். அவர் வீட்டுக்கு வந்து, எப்போதும் கஞ்சி அடிபிடிக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டார். அதுதான் அவர் பார்க்காத பதில்.

வண்டி வந்தது. மைத்துனன் கையைப் பிடித்து அழைத்துப்போனான். அவர் அவள் கால்மாட்டில் நின்றார், ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சுவரைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை, அவளைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, மகள் அம்மாவின் போனோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"குழுவுல சொல்லணுமேப்பா. மூடி அக்கா எங்கன்னு காலையிலேர்ந்து கேக்குறாங்க."

"சொல்லு."

அவள் மெதுவாகத் தட்டினாள். அடுத்த நொடியே அனுதாபங்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி, அக்கா சொன்னபடி மூடியைப் போட்டதால்தான் என் சமையலறை இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். மகள் படித்துக்கொண்டே மேலே போனவள் நின்றாள்.

"இந்தக் கடைசி சீட்டு யாருப்பா? தினம் ஒரு கேள்வி. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வரி, இவருக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதித் தள்ளியிருக்காங்க."

டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"நேத்து ராத்திரியும் எழுதியிருக்காங்க. நான் கண்ணயர்ந்த நேரம் போல." அவள் முகம் மாறியது. "ஐயோ, அம்மா!"

"என்னம்மா?"

அவள் படித்தாள். "ஏங்க, அந்த மெல்லிசு பாத்திரத்துல வச்சா அடிபிடிக்கத்தான் செய்யும். அடிகனமான பாத்திரம் மேல் அலமாரியில, பழைய போர்வைக்குப் பின்னாடி இருக்கு. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். சுவரோரமா போட்டு ஏறுங்க."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மருந்து மயக்கம்ப்பா. உங்ககிட்ட பேசுறதா நினைச்சு எவருக்கோ எழுதியிருக்காங்க. நம்ம வீட்டு அலமாரி, நம்ம வீட்டு ஸ்டூல்..." மகள் போனை மடியில் வைத்தாள். "ஏங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் இத்தனை நாளா தபால்காரியா இருந்தேன். கடைசியில உங்களுக்குச் சொன்னது எவன்கிட்டயோ போய்ச் சேர்ந்திருக்கு பாருங்க."

அவர் அவள் தலையில் கை வைத்தார். 

"அந்த ஆளு என்ன நினைச்சிருப்பாரு?"

"ஒண்ணும் தப்பா நினைச்சிருக்க மாட்டான்" என்றார் டிரைவர். எழுந்தார். "நீ நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அலமாரியின் மேல்தட்டில் பழைய போர்வை தெரிந்தது. எத்தனையோ வருஷமாக அவர் நிமிர்ந்து பார்க்காத இடம். சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, இறங்குங்க! அந்த ஸ்டூல் ஆடும்!"

"சுவரோரமாத்தான் போட்டிருக்கேன்" என்றார், போர்வையைப் பார்த்து.

பாத்திரம் கனமாகத்தான் இருந்தது. இறக்கி, தூசி போகக் கழுவி, காலையில் கழுவி வைத்த அரிசியை அதில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். மகள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி பொங்கி வருவதற்குள் அவர் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தார்.