பேனாக்காரருக்குச் சொன்ன விலை

"எனுக்கு நாலு ரூவா, அந்தப் பேனாக்காரருக்கு மூணே காலா?"

"அவுரு வாங்கவா வர்றாரு, சும்மா கேட்டுக்கினு—"

"கேக்கறவருக்கு ஒண்ணு, வாங்கறவளுக்கு ஒண்ணா? நல்லா கீதே நாயம்."

"—கவுர்மெண்டு ஆளாண்ட வேற இன்னாம்மா சொல்லுவாங்க?"

துவரம்பருப்பு மூட்டைக்கு இந்தப் பக்கம் கன்னியம்மா, அந்தப் பக்கம் கடைக்காரர் துலுக்கானம். எழுபத்து மூன்றில் அம்பத்தூர் கடைத்தெருவில் விலைவாசி தீயாய் எரிந்துகொண்டிருந்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் புருஷன் தங்கவேலுவின் பஞ்சப்படி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. யூனியனில் விசாரித்து வந்து அவன்தான் காரணம் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் வரும் சர்க்கார் பேனாக்காரர் பாஸ்கரன் பருப்பு, எண்ணெய், சீயக்காய் என்று விலை கேட்டு எழுதிக்கொண்டு போவார். இப்படிக் கடை கடையாய் எழுதிய விலையெல்லாம் சேர்ந்துதான் விலைவாசிப் புள்ளி. புள்ளி ஏறினால்தான் பஞ்சப்படி ஏறும்.

துலுக்கானமோ பாஸ்கரனைப் பதுக்கல் பிடிக்க வந்த ஆள் என்றே நினைத்திருந்தார். அவர் தலை தெரிந்ததும் கடையில் விலையெல்லாம் குனிந்து கும்பிடு போடும். கன்னியம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். உள்ளதைச் சொன்னால் கடைக்குப் பூட்டுதான் என்று அவர் அசையவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வேம்புலியம்மாள், பத்மா என்று தெருப் பெண்களைப் பையும் கையுமாகக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்கரனுக்குப் பின்னால் நின்றாள் கன்னியம்மா. "மூணே கால் சார்" என்று துலுக்கானம் சொன்னதுதான் தாமதம், பைகள் நீண்டன. ஆளுக்கு மூன்று கிலோ கேட்டார்கள்.

துலுக்கானம் தராசைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பாஸ்கரனுக்கு விஷயம் விளங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. தான் யாரையும் பிடிக்க வரவில்லை, கடைப் பெயர் வெளியே போகாது, விற்கிற விலையைச் சொன்னால் போதும் என்று பக்குவமாகச் சொன்னார். படி ஏறினால் அந்தக் காசு உன் கல்லாவுக்குத்தானே வரப்போகிறது என்று கன்னியம்மாவும் தன் பங்குக்கு ஒரு போடு போட்டாள்.

அந்தப் பேச்சு துலுக்கானத்தின் காதில் தேனாய் இறங்கிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்க சார். துவரம்பருப்பு அஞ்சு ரூவா."

பேசாமல் இருடி என்பதுபோல் பத்மா கன்னியம்மாவின் இடுப்பைக் கிள்ளினாள். அஞ்சு என்று ஏறிவிட்டால் படி எங்கேயோ போய்விடுமே. பாஸ்கரன் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடியே கன்னியம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்த வாரம் நீங்க என்ன விலை கொடுத்து வாங்கினீங்க?"